பாதுகாப்புத் தளவாடங்களில் தன்னிறைவு: கல்யாண் வட்டாரம் உணர்த்தும் உண்மை

பம்பாயிலிருந்து வடகிழக்காகச் செல்லும் இருப்புப்பாதை, கல்யாண் சந்திப்பில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கசாரா மலைவழியை நோக்கியும், மற்றொன்று கர்ஜத் வழியாகப் புனேயை நோக்கியும் செல்லும். தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய இடங்களிலிருந்து கல்யாண் வரை பரவி வாழும் தமிழர்க்கு இச்சந்திப்பு நன்கு பழக்கமானது. புனே செல்லும் கிளையில் கல்யாணுக்கு அடுத்த மூன்றாவது நிலையம் அம்பர்நாத். கி.பி. 1060-ஆம் ஆண்டின் கல்வெட்டைத் தாங்கிய சிவாலயத்தினால் இவ்வூர் புகழ்பெற்றது. அவ்வாலயத்தைக் காணச் செல்வோரில் பலர், அதே ஊரில் நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாத மூன்று நிலையங்கள் இயங்கி வருவதை அறியார். ஒன்று உலோகங்களை உருக்கி வார்க்கும் படைக்கலத் தொழிற்சாலை; மற்றொன்று யந்திரங்களைச் செய்யும் யந்திரங்களை ஆக்கும் தொழிற்சாலை; மூன்றாவது, கடற்படைக்குரிய பொருள்களை ஆராயும் ஆராய்ச்சிச் சாலை.

இந்தியா 2024-25 நிதியாண்டில் ரூ. 23,622 கோடி மதிப்புள்ள பாதுகாப்புத் தளவாடங்களை அயல்நாடுகளுக்கு அனுப்பியது. 2013-14-இல் இத்தொகை ரூ. 686 கோடியாக இருந்தது. பதினோர் ஆண்டுகளில் ஏறக்குறைய 34 மடங்கு வளர்ச்சி ஏற்பட்டுள்ளது. இவ்வளர்ச்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் தொகையை மட்டும் நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நாம் அனுப்பும் ஆயுதத்தில் நம்முடையது எவ்வளவு? அதன் உலோகம் எங்கே உருகியது? அதன் உறுப்புக்களைக் கடைந்த யந்திரம் எவருடையது? போர்க்காலத்தில் அயல்நாடு ஒன்று தன் கையை இறுக்கிக்கொண்டால், நம் தொழிற்சாலை நின்றுவிடுமா, தொடர்ந்து ஓடுமா? இவ்வினாக்களுக்கு விடை காண, அம்பர்நாத்திலுள்ள மூன்று நிலையங்களின் பணியை அறிதல் பெரிதும் துணைசெய்யும்.

பழைய பாடம்

கல்யாணுக்கும் படைக்கலத் தொழிலுக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1657-ஆம் ஆண்டில் சிவாஜி கல்யாணையும் பிவண்டியையும் கைக்கொண்டார். அதன்பின் இங்குள்ள கழிமுகத்தில் அவருடைய கடற்படைக்குக் கப்பல்கள் கட்டப்படலாயின. அப்பணியில் போர்த்துக்கேயக் கைவினைஞர் சிலர் ஈடுபட்டிருந்தனர் என்றும், தம் நாட்டு அதிகாரிகளின் கட்டளைக்கு அஞ்சி அவர்கள் இடையில் விலகிச் சென்றனர் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். அயலார் கைத்திறனை நம்பி மேற்கொள்ளும் பணி எக்கணத்திலும் தடைப்படலாம் என்னும் பாடத்தை இந்நாடு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கற்றது.

பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய்க் கப்பற்கூடம் உலகப் புகழ் எய்தியது. வாடியா குடும்பத்தைச் சேர்ந்த பார்சித் தச்சர்கள் மலையாளத் தேக்கைக் கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்குப் போர்க்கப்பல்கள் கட்டித் தந்தனர். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய ‘டிரிங்காமலி’ என்னும் கப்பல் 1817-இல் நீரில் இறக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் பழுதின்றி மிதந்துகொண்டிருக்கின்றது. இதனை இந்தியாவின் பழைய ஆயுத ஏற்றுமதிகளுள் ஒன்று எனக் கொள்ளலாம். ஆனால் கப்பல்கள் மரத்திலிருந்து இரும்புக்கும், பாயிலிருந்து நீராவிக்கும் மாறிய காலத்தில் அப்பெருமை மங்கியது. தச்சர்களின் திறமை குறைந்ததன்று காரணம். இரும்பை உருக்கும் உலைகளும் நீராவி எஞ்சின் செய்யும் பட்டறைகளும் இங்கே எழாமையே காரணம்.

நிலத்தில் நிகழ்ந்ததும் இதுவே. இச்சாப்பூரில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெடிமருந்துச் சாலையும், கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் அமைந்தன. காசிப்பூரில் 1802 மார்ச் 18-இல் உற்பத்தி தொடங்கியது. அந்நாளே இன்றும் படைக்கலத் தொழிற்சாலை நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 1869-இல் புனேயை அடுத்த கட்கியில் தோட்டாத் தொழிற்சாலையும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அரவங்காட்டில் கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்துத் தொழிற்சாலையும் ஏற்பட்டன. இவற்றில் உழைத்தோர் இந்தியர். வரைபடமும் திட்டமும் இங்கிலாந்திலிருந்து வந்தன.

விடுதலைக்குப் பின்

1948-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் ஆயுத உற்பத்தியை அரசாங்கத்தின் தனி உரிமையாக வகுத்தது. 1954-இல் பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனமும், 1958-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சி நிறுவனமும் தோன்றின. 1962-ஆம் ஆண்டுச் சீனப் படையெடுப்பையொட்டிப் பாதுகாப்பு அமைச்சகத்தில் தளவாட உற்பத்திக்கெனத் தனித் துறை அமைக்கப்பட்டது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து ‘விஜயந்தா’ டாங்கி 1965 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்தது. திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை 1966-இல் நிறுவப்பட்டது. மஜகான் கப்பற்கூடத்தில் கட்டப்பட்ட ‘நீலகிரி’ என்னும் போர்க்கப்பல் 1972-இல் கடற்படையில் சேர்ந்தது.

2001-இல் இத்துறை தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. 2020 ஆகஸ்டில், வெளிநாட்டிலிருந்து இனி வாங்கலாகாது என 101 பொருள்களைக் குறிக்கும் முதற்பட்டியல் வெளியாயிற்று. 2021 அக்டோபர் முதல் நாளில், 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நிருவகித்து வந்த வாரியம் கலைக்கப்பட்டு, அவை ஏழு அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அம்பர்நாத்தின் உலோகத் தொழிற்சாலை நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட யந்த்ரா இந்தியா கம்பெனியின்கீழ் வந்தது. அதே ஊரின் யந்திரக் கருவித் தொழிற்சாலையோ, நமது ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகனக் கம்பெனியின் ஐந்து தொழிற்சாலைகளுள் ஒன்றாயிற்று.

பித்தளைக் கிண்ணம் கூறும் கதை

துப்பாக்கித் தோட்டாவைப் பலரும் எளிய பொருள் என எண்ணுவர். அதன் பின்பாகமாகிய பித்தளைக் கூட்டில் அடங்கிய உலோகவியல் மிக நுண்ணியது. அம்பர்நாத் உலோகத் தொழிற்சாலை பித்தளை, அலுமினியக் கலவை முதலிய இரும்பல்லாத உலோகங்களைக் கையாள்வது. சிறு ஆயுதத் தோட்டாக்களுக்கு மூலப்பொருளான பித்தளைக் கிண்ணங்கள் அதன் தயாரிப்புக்களுள் அடங்கும்.

தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் இருக்கும். இவ்விகிதத்தில் கலந்த பித்தளை, அறுபடாமல் நீளும் தன்மை மிக்கது. முதலில் உலோகத்தை உருக்கிக் கட்டியாக வார்ப்பர்; கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்திப் பட்டையாக்குவர்; பட்டையிலிருந்து வட்டத் தகடுகளை வெட்டி, அழுத்து யந்திரத்தில் இட்டுக் கிண்ண வடிவம் தருவர். இக்கிண்ணத்தைப் பல படிகளில் இழுத்து நீட்டினால் நீண்ட கூடு கிடைக்கும். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் இறுகும். மேலும் இழுத்தால் கிழியும். எனவே, இழுப்புக்களுக்கிடையே சுமார் 600 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றி ஆறவிட்டு மீண்டும் மென்மையாக்குவர். சூட்டினால் படிந்த கறையை அமிலத்தில் கழுவி நீக்கிய பின்னரே அடுத்த இழுப்பு நடைபெறும்.

இவ்வளவு பாடுபட்டுப் பித்தளையையே கையாள்வது ஏன்? தோட்டா வெடிக்கும் கணத்தில் துப்பாக்கியின் அறைக்குள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 3,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகின்றது. அக்கணத்தில் கூடு விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, வெப்ப வாயு பின்னோக்கி வீரனின் முகத்தில் பாயாதவாறு தடுத்தல் வேண்டும். அழுத்தம் தணிந்தவுடன் அது சிறிதே சுருங்கிச் சுவரை விட்டுப் பிரிதல் வேண்டும். இன்றேல் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். விரிதலும் மீள்தலும் ஒருங்கே அமைய, கூட்டின் வாய்ப்புறம் மென்மையாகவும் அடிப்புறம் கடினமாகவும் இருத்தல் வேண்டும். ஒரே உலோகத்தில் இருவேறு பதங்களைத் தருவது தொழிலாளியின் கைப்பழக்கமும் விஞ்ஞானமும் சேர்ந்த வித்தையாகும்.

இந்த வித்தையில் இந்தியாவுக்குரிய ஒரு சிறப்பான வரலாறும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தனர். மழை நின்றபின் எடுத்துப் பார்த்தபோது, எவரும் தொடாத கூடுகளிலும் வெடிப்புக்கள் காணப்பட்டன. பருவந்தோறும் நேர்ந்தமையால் இதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்று பெயரிட்டனர். இதன் காரணம் 1921-இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றின் துணையோடு செம்பைத் தாக்கும். கூட்டை இழுத்து உருவாக்கியபோது அதனுள் தங்கிவிட்ட இழுவிசை, தாக்குண்ட இடத்தைப் பிளக்கும். உலோகம், அதனுள் உறைந்த விசை, சூழலிலுள்ள நஞ்சு ஆகிய மூன்றும் கூடினாலன்றி வெடிப்பு நேராது. ஆதலால் பரிகாரமும் எளிதாயிற்று. முடிந்த கூட்டை ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை மட்டும் சூடேற்றினால், கடினத்தன்மை கெடாமலே உள்விசை தளர்ந்துவிடும்.

கொங்கணத்தின் கடுமழையில் செய்யப்பட்டு, ராஜஸ்தானப் பாலைவனத்திலும் இமயத்தின் பனியிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பொருளுக்கு இவ்வறிவு உயிர்நிலை போன்றது. பெட்டியில் இருக்கும்போது வெடிப்புக் கண்ட தோட்டாவை, எல்லையில் நிற்கும் வீரன் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்க இயலாது.

தாய் யந்திரமும் அளவியும்

அம்பர்நாத்தின் இரண்டாவது நிலையம் 1950-களில் நிறுவப்பட்ட யந்திரக் கருவி மாதிரித் தொழிற்சாலை. கடைசல் யந்திரம், துளையிடும் யந்திரம், செதுக்கு யந்திரம் முதலியவற்றைத் ‘தாய் யந்திரங்கள்’ என்பர். பிற யந்திரங்கள் யாவும் இவற்றிலிருந்தே பிறத்தலின் அப்பெயர் பொருத்தமானது. விடுதலை பெற்ற காலத்தில் இந்நாட்டிற்கு வேண்டிய தாய் யந்திரங்களிற் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தன. துப்பாக்கியை இங்கே செய்தாலும், அதனைச் செய்யும் யந்திரம் பழுதுற்றால் அயல்நாட்டுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் நிலை இருந்தது. 1953-இல் பெங்களூரில் தோன்றிய இந்துஸ்தான் யந்திரக் கருவித் தொழிற்சாலையும், அம்பர்நாத் தொழிற்சாலையும் இக்குறையைப் போக்கும் நோக்குடன் எழுந்தவை.

இங்கே அளவின் இன்றியமையாமையையும் விளக்குதல் வேண்டும். பழங்காலத்துக் கொல்லர் ஒரு துப்பாக்கிக்குரிய உறுப்புக்களை அத்துப்பாக்கிக்கென்றே அராவிப் பொருத்துவார். வேறொன்றுக்கு அவை பொருந்தா. தற்காலத் தொழில்முறையோ, ஓர் ஊரிற் செய்த திருகு மற்றோர் ஊரிற் செய்த துளையில் தடையின்றிப் பொருந்துவதை அடிப்படையாகக் கொண்டது. இதற்கென ஒவ்வோர் உறுப்புக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை என இரண்டு அளவுகள் வகுக்கப்படும். ‘செல்லும் அளவி’ துளையினுள் நுழைதல் வேண்டும். ‘செல்லா அளவி’ நுழையலாகாது. இரண்டு சோதனைகளிலும் தேறிய உறுப்பே ஏற்கப்படும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிழை ஏற்பட்டாலும் சில உறுப்புக்கள் தள்ளப்படுவதுண்டு. அம்பர்நாத்தின் கிண்ணம் மற்றோர் ஊரின் தொழிற்சாலையில் கூடாகி, வேறோர் ஊரின் வெடிமருந்தை ஏற்று, இன்னோர் ஊரின் துப்பாக்கியில் பொருந்துவது இவ்வொழுங்கினால்தான். அயல்நாட்டார் ஒரு நாட்டின் தளவாடத்தை வாங்க முன்வருவதற்கும் அடிப்படை இவ்வொழுங்கின்மீது அவர் கொள்ளும் நம்பிக்கையே.

நீருக்கடியில் மின்சாரம்

மூன்றாவது நிலையமாகிய கடற்படைப் பொருள் ஆராய்ச்சிச் சாலை, பம்பாய்க் கடற்படைக் கப்பற்கூடத்தில் 1953-இல் தொடங்கிய ஒரு சிறு இரசாயன உலோகவியல் சாலையிலிருந்து வளர்ந்து, பின்னர் அம்பர்நாத்துக்கு இடம் மாறியது. உப்புநீர் உலோகத்தை அரித்தல், கப்பலின் அடியில் சிப்பிகள் ஒட்டுதல், நீர்மூழ்கியின் ஓசையை அடக்குதல் முதலியன இத்தகைய சாலைகள் ஆராயும் பொருள்கள். அண்மைக் காலத்தில் இச்சாலை ஈடுபட்ட பெரும்பணி நீர்மூழ்கிக்குரிய எரிபொருள் மின்கலமாகும்.

டீசல் எஞ்சினால் இயங்கும் நீர்மூழ்கி, நீருக்கடியில் மின்கல அடுக்கின் சக்தியால் ஓடும். மின்கலம் தீர்ந்தவுடன் அது நீர்மட்டத்தை அணுகி, குழாயை வெளியே நீட்டிக் காற்றை இழுத்து, எஞ்சினை இயக்கி மின்னேற்றம் செய்துகொள்ள வேண்டும். பகைவர் அதனைக் கண்டுகொள்வது பெரும்பாலும் அவ்வேளையில்தான். வெளிக்காற்றின்றியே மின்சாரம் உண்டாக்க முடியுமாயின், நீர்மூழ்கி பல நாள் தொடர்ந்து மறைந்திருக்கலாம்.

அம்பர்நாத் விஞ்ஞானிகள் மேற்கொண்ட முறை பாஸ்பாரிக் அமில மின்கலம். அதில் ஒரு தகட்டின்மீது ஹைட்ரஜனும், மற்றொன்றின்மீது ஆக்சிஜனும் செலுத்தப்படும். ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரான்களை இழந்து அமிலத்தின் ஊடே சென்று ஆக்சிஜனோடு கூடி நீராகும். இழந்த எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே ஓடி மின்சாரமாகப் பயன்படும். எரியும் சுவாலையும் இல்லை. சுழலும் உறுப்பும் இல்லை. ஆதலின் ஓசையும் மிகக் குறைவு. ஹைட்ரஜனைக் கப்பலில் சேமித்து வைத்தல் இடர்மிக்கது. எனவே, அதனைக் கப்பலினுள்ளேயே வேண்டும்போது இரசாயன முறையில் உண்டாக்கிக் கொள்வது இவ்வமைப்பின் தனிச் சிறப்பாகும்.

2021 மார்ச்சில் இதன் தரைமாதிரி வெற்றியுடன் சோதிக்கப்பட்டது. 2024 டிசம்பரில், இவ்வமைப்பைத் தாங்கும் கப்பற்பகுதியைக் கட்டி நீர்மூழ்கியில் இணைப்பதற்கு, சுமார் ரூ. 1,990 கோடிக்கு மஜகான் கப்பற்கூடத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்தது. பிரெஞ்சுத் திட்டப்படி கட்டப்பட்ட ‘கல்வரி’ வகை நீர்மூழ்கியின் உள்ளே அம்பர்நாத்தில் பிறந்த மின்கலம் அமைவதற்கு வழி ஏற்பட்டது. ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கலத்திலிருந்து கப்பலின் இரும்பு உடலுக்குச் செல்ல இத்தனை ஆண்டுகள் பிடித்ததைக் கண்டு வியப்புறல் வேண்டா. பாதுகாப்பு ஆராய்ச்சியின் இயல்பே அது.

உற்பத்தியின் வளர்ச்சி

இவை போன்ற எண்ணற்ற நிலையங்களின் கூட்டு உழைப்பே நாட்டின் மொத்த உற்பத்தியாகத் தோன்றுகின்றது. 2014-15-இல் பாதுகாப்பு உற்பத்தியின் மதிப்பு ரூ. 46,429 கோடி, 2024-25-இல் அது ரூ. 1,50,590 கோடியாக உயர்ந்தது. இதில் நூற்றுக்கு ஏறத்தாழ 77 பங்கு பொதுத்துறையினுடையது. ஆனால் அதே ஆண்டின் ஏற்றுமதியில் தனியாரின் பங்கு ரூ. 15,233 கோடி, பொதுத்துறைக் கம்பெனிகளின் பங்கு ரூ. 8,389 கோடி. நம் படைகளுக்கு வேண்டுவனவற்றைப் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகள் செய்கின்றன. அயல்நாட்டுச் சந்தைக்குத் தனியார் தொழிற்சாலைகள் மிகுதியாக அனுப்புகின்றன.

இதன் காரணத்தை ஏற்றுமதியாகும் பொருள்களின் தன்மை விளக்கும். 2023-24-இல் இந்தியத் தளவாடங்களைப் பெற்ற முதன்மையான மூன்று நாடுகள் அமெரிக்கா, பிரான்ஸ், ஆர்மேனியா ஆகியவை. முன்னிரண்டும் தாமே உலகின் பெரிய ஆயுத ஏற்றுமதியாளர்கள். அவர்கள் இந்தியாவிலிருந்து முழுமையான ஆயுதங்களைக் காட்டிலும் உறுப்புக்களையே பெரிதும் பெறுகின்றனர். அமெரிக்க ‘அப்பாச்சி’ ஹெலிகாப்டரின் உடற்பகுதி ஐதராபாதில் செய்யப்படுவது இதற்குச் சான்று.

முழுமையான தளவாடங்களும் செல்லாமலில்லை. கல்கத்தாவில் கட்டப்பட்ட ‘பராகூடா’ என்னும் ரோந்துக் கப்பல் 2014 டிசம்பரில் மொரீஷியசுக்கு ஒப்படைக்கப்பட்டது. இந்தியா ஏற்றுமதி செய்த முதற் போர்க்கப்பல் இதுவே. இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாக ஆக்கிய ‘பிரம்மோஸ்’ ஏவுகணையை வாங்கப் பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் ஏறக்குறைய 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி அங்குச் சேர்ந்தது. 2029-க்குள் ஆண்டு உற்பத்தியை ரூ. 3 லட்சம் கோடியாகவும், ஏற்றுமதியை ரூ. 50,000 கோடியாகவும் உயர்த்துவது அரசாங்கத்தின் இலக்கு.

தமிழ்நாட்டுக்கும் இதில் சிறப்பான பங்குண்டு. 2019 ஜனவரியில் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதுகாப்புத் தொழில் பெருவழி, சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்களை இணைப்பது. பம்பு, விசைத்தறி, மோட்டார் உறுப்பு ஆகியவற்றில் கைதேர்ந்த சிறு பட்டறைகள் நிறைந்த நகரங்கள் இவை என்பது கருதத்தக்கது.

நிறைவு பெறாத பகுதி

வளர்ச்சியைக் கூறுமிடத்துக் குறையையும் கூறுதல் நேர்மையாகும். ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி, 2020 முதல் 2024 வரையிலான ஐந்தாண்டுகளில் உலகில் மிகுதியாக ஆயுதங்களை இறக்குமதி செய்த நாடுகளுள் இந்தியா இரண்டாவது; உக்ரேன் முதலாவது. முந்திய ஐந்தாண்டுகளைவிட இந்தியாவின் இறக்குமதி நூற்றுக்கு 9.3 பங்கு குறைந்திருந்தது. பாதை சரியானதே, பயணம் நீண்டது.

இறக்குமதியின் வேர் எங்குள்ளது என்பதைத் ‘தேஜஸ்’ விமானம் நன்கு காட்டும். உடலும் இறக்கையும் பறப்புக் கட்டுப்பாடும் இந்திய விஞ்ஞானிகளின் ஆக்கம், எஞ்சின் அமெரிக்கருடையது. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. எஞ்சின்கள் குறித்த காலத்தில் வந்து சேராமையால் விமானங்களை ஒப்படைப்பதும் தாமதமாயிற்று. நாமே எஞ்சின் செய்யும் நோக்குடன் பெங்களூரில் மேற்கொள்ளப்பட்ட ‘காவேரி’த் திட்டம் போர்விமானத்துக்கு வேண்டிய உந்துவிசையை எட்டவில்லை. ஜெட் எஞ்சினின் சுழலி இதழ்கள், தாம் செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையினும் மிக்க வெப்பமுள்ள வாயுவில் சுழல வேண்டியவை. ஒரே படிகமாக வளர்க்கப்பட்ட உலோகமும், உள்ளே நுண்ணிய குளிர்ச்சி வழிகளும், வெளியே வெப்பம் தாங்கும் பூச்சும் அதற்குத் தேவை. அம்பர்நாத்தின் பித்தளைக் கிண்ணம் எழுப்பிய அதே வினாவை எஞ்சின் இதழும் எழுப்புகின்றது. பொருளை அறியாதார்க்கு ஆயுதம் சொந்தமாகாது.

மாறாக, பொருளை வசப்படுத்தியபோது விளையும் பயனுக்கும் சான்று உண்டு. ‘விக்ராந்த்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு வேண்டிய தனிவகை எஃகை வெளிநாட்டிலிருந்து பெறுவதில் இடர்ப்பாடு நேர்ந்தது. ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிச் சாலையும் இந்திய எஃகு ஆணையமும் சேர்ந்து அதனை உள்நாட்டிலேயே ஆக்கின. கொச்சியில் கட்டப்பட்ட அக்கப்பல் 2022 செப்டம்பர் 2-இல் கடற்படையில் சேர்ந்தது; அதில் உள்நாட்டுப் பங்கு நூற்றுக்கு 76 எனக் கணக்கிடப்பட்டது. அவ்வெஃகு பிற போர்க்கப்பல்களுக்கும் பயன்படலாயிற்று. இடர்ப்பாடு நிலையான செல்வமாக மாறிய வரலாறு இது.

விற்றபின் தொடரும் கடமையும் நினைவிற்கொள்ள வேண்டியது. தென் அமெரிக்காவிலுள்ள எக்வடோர், இந்தியாவின் ‘துருவ்’ ஹெலிகாப்டர்களில் ஏழினை வாங்கியது. அவற்றுள் நான்கு விபத்துக்குள்ளாயின. 2015-இல் அந்நாடு ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. குறை யாருடையது என்பதில் இருதரப்பாரும் ஒன்றுபடவில்லை. எனினும் உதிரி உறுப்பும், பயிற்சியும், பழுது பார்த்தலும் விற்ற பொருளோடு சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒரு வாடிக்கையாளரின் மனக்குறை பல சந்தைகளின் கதவை அடைக்கும்.

தென் கொரியாவின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. 1970-இல் அந்நாடு பாதுகாப்பு வளர்ச்சிக்கெனத் தனி நிறுவனம் அமைத்தது. தொடக்கத்தில் அமெரிக்க ஆயுதங்களைப் பார்த்துச் செய்தது. பின்னர் எஃகு, கப்பல், மின்னணுத் தொழில்களில் பெற்ற வலிமையைப் படைக்கலத்துக்குத் திருப்பியது. அதன் ‘கே-9’ பீரங்கி துருக்கி, போலந்து முதலிய நாடுகளுக்குச் சென்றது. அதே பீரங்கி ‘வஜ்ரா’ என்னும் பெயரில் குஜராத்தின் ஹஜீராவில் செய்யப்பட்டது. பொதுத் தொழில்கள் வலுப்பெறாத நாட்டில் படைக்கலத் தொழில் மட்டும் தனித்து வளர்தல் அரிது என்பதை அந்நாட்டின் வரலாறு தெளிவுறுத்தும்.

ஏற்றுமதியும் பொறுப்பும்

ஆயுதம் பிற சரக்குகளைப் போன்றதன்று. எவர் கைக்குச் செல்கின்றது, எதற்குப் பயன்படுகின்றது என்னும் வினாக்கள் விற்பனையோடு முடிவதில்லை. தளவாடங்களும், போருக்கும் அமைதிக்கும் ஒருங்கே பயன்படும் இரசாயனங்கள், கருவிகள் முதலியனவும் இந்தியாவில் ‘ஸ்கோமெட்’ என்னும் பட்டியலில் அடங்கும். உரிமம் பெற்றாலன்றி அவற்றை அனுப்பலாகாது. 2016-இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017-இல் வாசனார் உடன்பாட்டிலும், 2018-இல் ஆஸ்திரேலியக் குழுவிலும் இந்தியா உறுப்பினராகச் சேர்ந்தது. ஏற்றுமதி வளருந்தோறும் இக்கண்காணிப்பும் உறுதிப்பட வேண்டும். பண வருவாயின்பொருட்டு இதில் தளர்ச்சி காட்டும் நாடு, தான் விற்ற ஆயுதம் தனக்கே பகையாவதைக் காண நேரிடலாம்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

இத்துறை தம் பணிக்கு எட்டாதது என்று ஆசிரியர் கருத வேண்டுவதில்லை. உலோகம் இறுகுவதையும் மென்மையாவதையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் வகுப்பிலேயே காட்டலாம். கம்பியை முன்னும் பின்னும் சில முறை வளைத்தால் அது விறைத்து, இறுதியில் ஒடியும். மற்றொரு கம்பியை அவ்வாறே விறைக்கச் செய்து, ஒடியுமுன் ஸ்பிரிட் விளக்கில் செந்நிறம் அடையும்வரை காய்ச்சி ஆறவிட்டால், முன்போல் எளிதில் வளையும். தோட்டாக் கூட்டைச் செய்யும் முறையின் அடிப்படை இதுவே. மயில்துத்தக் கரைசலில் நீர்த்த அம்மோனியாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் முதலில் வெளிர்நீலக் குழம்பும், பின்னர் ஆழ்ந்த நீலநிறமும் தோன்றும். அம்மோனியா செம்பைப் பற்றும் தன்மையை மாணவர் இதனால் உணர்வர். இச்சோதனையைக் காற்றோட்டமுள்ள அறையில் ஆசிரியரே செய்தல் நலம்.

தொழில்நகரங்களில் பணியாற்றும் களப்பணியாளர், சிறு பட்டறை உரிமையாளர்க்கு வழிகாட்டலாம். உள்நாட்டில் செய்ய வேண்டிய உறுப்புக்களின் பட்டியல் 2020 முதல் ‘ஸ்ரிஜன்’ என்னும் அரசாங்க இணையதளத்தில் வெளியிடப்பட்டு வருகின்றது. ஒரு ரப்பர் வளையமும், ஒரு தனிவகைத் திருகும் அதில் இடம்பெறுவன. பெரிய கம்பெனிகள் பொருட்படுத்தாத இத்தகைய சிறு உறுப்புக்களை ஏற்று, அளவியின் இரு சோதனைகளிலும் தவறாது தேறும் பட்டறை நாட்டுக்கு அரிய தொண்டு செய்வதாகும். தொழிற்பயிற்சி நிலையங்களிலிருந்து வெளிவரும் பிட்டர், கடைசற்காரர், பற்றவைப்பவர் ஆகியோர்க்கு அளவின் நேர்மையைப் பழக்குவதும் இதனோடு சேர்ந்ததே.

கல்யாண் கழிமுகத்தில் கப்பல் கட்டிய அந்நியத் தச்சர்கள் ஒரு நாள் விலகிச் சென்றனர். அவர்கள் எடுத்துச் சென்றது உளியும் சுத்தியும் மட்டுமன்று. அறிவையும் எடுத்துச் சென்றனர். அக்கழிமுகத்துக்குச் சிறிது தொலைவில் இன்று உருகும் பித்தளையும், கடையப்படும் எஃகும், ஆய்வுக்கூடத்து மின்கலமும் அவ்வறிவை இந்நாட்டவர் கையிலேயே நிலைபெறச் செய்யும் முயற்சிகள். ஏற்றுமதிக் கணக்கு ஆண்டுதோறும் ஏறலாம், சில ஆண்டுகளில் இறங்கவும் கூடும். பொருளின் இயல்பை அறிந்த கையும், அளவில் தவறாத கண்ணும் பெருகுமாயின், அவ்வேற்ற இறக்கங்களுக்கு நாடு அஞ்ச வேண்டியதில்லை.